அளவு கேட்காத அழைப்பு

ஒரு பழைய இரும்புக் கடையில், பிறந்ததிலிருந்து கதவையே தொட்டறியாத பித்தளைப் பூட்டு ஒன்று இருந்தது.

அதைச் செய்த பட்டறை மூடிப்போனது. மிச்சமிருந்த சரக்கை மொத்தமாக அள்ளி விற்றதில் அதுவும் இங்கே வந்து விழுந்தது. கழுத்தில் ஒரு கம்பி, கம்பியில் அதன் சாவி. வேறு சொத்து கிடையாது. சாவி தொலைந்த பூட்டுகளைக் கடைக்காரர் மைதீன் பாட்சா மூலையில் இருக்கும் கூடையில் எறிவார். கூடை நிரம்பினால் உருக்குகிற உலைக்குப் போகும்.

பூட்டுக்கு ஆசை ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு வேண்டும். தேக்கோ தகரமோ, எதுவானாலும் சரி. எதிர் வீட்டில் காலையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அது தன் வளையத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளும்.

"யாரைப் பார்க்க இப்படி நிமிர்ற?" என்று சாவி கேட்கும்.

"சும்மா. கழுத்து வலி."

ஒரு நாள் காலையில் பழைய பேப்பர் கட்டோடு பளபளப்பான அட்டை ஒன்று வந்து இறங்கியது. ஓரமெல்லாம் தங்க நிற மை. நேராகப் பூட்டிடம் வந்து குனிந்தது.

"வாழ்த்துகள்! தங்கள் திறமையைக் கேள்வியுற்று, சிலம்பூர் அரண்மனையின் தலைவாசல் கதவு தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது."

பூட்டின் வளையம் விறைத்து நிமிர்ந்தது. "என்னையா? நான் விண்ணப்பமே போடலையே!"

"திறமைசாலிகள் விண்ணப்பம் போடத் தேவையில்லை" என்றது அட்டை. "ஒரேயொரு நடைமுறை. சரிபார்ப்பதற்காகத் தங்கள் சாவியை மட்டும் இரண்டு நாள் முன்னதாக என்னோடு அனுப்ப வேண்டும். பேப்பர் வண்டி மூன்று மணிக்குக் கிளம்புகிறது. நாற்பது பூட்டுகள் வரிசையில் நிற்கின்றன. யோசிப்பதானால் சீக்கிரம் யோசியுங்கள்."

அவசரப்படுத்துகிறவனைக் கண்டால் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். பூட்டுக்கு அது தெரியாது. தெரியவைக்கும்படி அதை யாரும் அதுவரை ஏமாற்றியதில்லை.

சாவி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. "என்னை அனுப்பிட்டு நீ எதை வச்சுத் திறப்ப? சாவி இல்லாத பூட்டு எங்க போகும்னு தெரியுமில்ல?"

"ரெண்டு நாள்தானே? அப்புறம் அரண்மனையில சேர்ந்துக்கலாம்."

"யாரையாவது விசாரிச்சுட்டாவது முடிவு பண்ணு."

பூட்டு விசாரித்தது. பிடி இல்லாத சுத்தியலைக் கேட்டது. "யோகம்யா உனக்கு!" என்றது சுத்தியல். ஓட்டைப் புனலைக் கேட்டது. "பெரிய இடத்துக்குப் போனதும் எங்களை மறந்துடாத" என்று புனல் மூக்கை உறிஞ்சியது. சுத்தியலுக்கும் புனலுக்கும் அரண்மனை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றது பூட்டு.

"கீலைக் கேட்டியா?"

பூட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

மூன்றடி தள்ளி ஒரு பெரிய இரும்புக் கீல் கிடந்தது. 'சிலம்பூர் அரண்மனைக் கீல், பாத்துத் தூக்குங்க' என்று பாட்சா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கடையில் அந்தக் கதவோடு ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அது சிடுமூஞ்சி" என்றது பூட்டு.

"அதுக்காகவா கேக்கல?"

பூட்டின் குரல் இறங்கியது. "இல்லைன்னு சொல்லிட்டா? இன்னும் மூணு மணி ஆகலையே. அதுவரைக்குமாவது எனக்கு ஒரு கதவு இருக்கட்டுமே."

அந்தக் கதவைப் பறிக்கச் சாவிக்கு மனமில்லை. ஆனாலும் போகப்போவது பூட்டின் உயிர் அல்லவா? கத்தியது: "கீலண்ணே! சிலம்பூர்த் தலைவாசலுக்குப் பூட்டு வேணுமாமே?"

"எந்த வாசலுக்கு?" கீல் புரண்டு படுத்தது. "என்னைக் கழட்டின அன்னைக்கே கதவையும் பேத்துட்டானுங்க. நாலா அறுத்து டீக்கடைக்கு பெஞ்சு போட்டாச்சு. அந்த வாசல்ல இப்ப கதவும் கிடையாது, நிலையும் கிடையாது. ஆடு மாடு போயிட்டு வருது. எவன் கேட்டான் பூட்டு?"

"ஒரு அட்டைண்ணே" என்றது பூட்டு.

"அட்டையா? உன் வளையத்தைத் தொட்டுப் பார்த்தானா? அது நுழையவேண்டிய நாதாங்கி என்ன பருமன்னு சொன்னானா? கல்லு மாதிரி இங்க கிடக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையா உனக்கு?"

கீல் கிரீச்சிட்டது. கோபத்தில்தான். ஆனால் பேச்சு முடிந்த பிறகும் அந்தச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பூட்டு அட்டையிடம் போனது. "நாதாங்கி என்ன பருமன்?"

"அதெல்லாம் பணியில் சேர்ந்தபின் தெரிவிக்கப்படும்."

"கதவு தேக்கா, வேங்கையா?"

"தங்களைப் போன்ற தகுதியுள்ளவர்கள் சந்தேகப்படலாமா?"

"கதவு இருக்கா, இல்லையா?"

அட்டை பக்கத்தில் கிடந்த சைக்கிள் பூட்டின் பக்கம் திரும்பிக் குனிந்தது. "வாழ்த்துகள்! தங்கள் திறமையைக் கேள்வியுற்று..."

அது திரும்பியபோதுதான் அதன் முதுகு தெரிந்தது. முதுகில் ஒரு கொத்துச் சாவி தொங்கியது. எல்லாம் நல்ல பித்தளை.

"கொடுக்காதடா! முதல்ல கீலைக் கேளு!" என்று பூட்டு கத்தியது. நன்றாகத்தான் கத்தியது. ஆனால் 'வாழ்த்துகள்' என்ற சொல் காதில் விழுந்தபோது அதன் வளையம் தன்னையறியாமல் ஒருமுறை நிமிர்ந்து அடங்கியதைச் சாவி பார்த்துவிட்டது. பார்க்காததுபோல் இருந்துகொண்டது.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. அது போன திசையையே பூட்டு பார்த்துக்கொண்டிருந்தது. இல்லாத கதவுதான். என்றாலும் காலையிலிருந்து அது பூட்டின் முதுகில் சாய்ந்திருந்தது.

வெயில் தாழ ஒரு பெண் வந்தாள். பேர் ஞானசௌந்தரி. கழுத்தில் தையல் டேப். பூட்டை எடுத்துக் குலுக்கினாள்.

"என்ன பாய், உள்ள மண்ணு கிடக்கா?"

"புதுசும்மா. மாட்டினதே இல்ல."

"மாட்டாமலே கழுத்து இந்த ஆட்டம் ஆடுதே, மாட்டினா கழண்டு கையோட வந்துடாதா?" சாவியைப் போட்டு மூன்று தடவை திருப்பினாள். "இறுகுது." வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பூட்டுக்கு நரம்பெல்லாம் விண்ணென்றது. "ரொம்பக் குட்டை பாய். என் கடை நாதாங்கி நல்ல தடிமன். நுழையுமான்னே தெரியல."

"தாராளமா நுழையும்மா. விலையைச் சொல்லவா?"

"இருங்க பாய், பறக்காதீங்க. தையல் கடை போடுறேன், அடுத்தவங்க துணியெல்லாம் உள்ள கிடக்கும். அளந்து பார்க்காம வாங்க முடியாது." டேப்பை எடுத்து வளையத்தைக் குறுக்கே அளந்தாள். "கதவுல வச்சுப் பார்த்துட்டு நாளைக்கு வர்றேன். சரியா வந்தா விலை பேசுவோம்."

பூட்டைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சாவிக்குக் கோபம் பொங்கியது. "என்ன பேச்சு பேசிட்டுப் போறா! மண்ணாம், ஆட்டமாம், குட்டையாம். நாளைக்கு வருவாளோ மாட்டாளோ, அதுவும் தெரியல. நீ ஏன் சிரிக்கிற?"

"அவகிட்ட கதவு இருக்கு" என்றது பூட்டு. "இல்லாதவ இவ்வளவு குறை சொல்ல மாட்டா."