ஒரே அடுப்புத் தெரு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் சேந்தன் என்றொரு விகடகவி இருந்தான். விடியலில் எழுவான். கிணற்றில் நீர் இறைத்து முகம் கழுவுவான். தலைப்பாகை கட்டுவான். அணைந்து கிடக்கும் அடுப்பைத் தாண்டி வாசலுக்கு வருவான். மனைவி வடிவு காய்ச்சலில் இறந்த நாளிலிருந்து அந்த அடுப்பை அவன் மூட்டவில்லை. அரண்மனை மடைப்பள்ளியில் கிடைத்ததைத் தின்றுவிட்டு அரசரைச் சிரிக்கவைக்கப் போவான்.

வடிவு போன பிறகு அவன் செய்த ஒரே வீட்டுக் காரியம், தன் செக்கடித் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அரண்மனைக் களஞ்சியத்தில் மூட்டையாக அரிசி வாங்கியதுதான். மூட்டையாக எடுத்தால் விலை பாதி. எல்லோரும் காசு போட்டார்கள், மரக்காலால் அளந்து பிரித்துக்கொண்டார்கள்.

களஞ்சியத் தலைவர் அதிராயருக்கு இது பொறுக்கவில்லை. படிக் கணக்கில் அரிசி விற்கும் கடை அவர் மைத்துனனுடையது. அரசர் பல்வலியோடு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"அரசே, மூட்டை விலை பெருங்குடும்பங்களுக்குத் தாங்கள் தந்த சலுகை. செக்கடித் தெருவார் பல குடும்பங்கள் கூடிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்."

"குடும்பத்துக்கு என்ன கணக்கு?"

"ஓர் அடுப்பில் சமைத்து உண்பவர் ஒரு குடும்பம். வரி வாங்குவதும் அப்படித்தான்." அதிராயர் சேந்தன் பக்கம் திரும்பினார். "விகடகவி வீட்டில் அடுப்பே எரிவதில்லையாம். அவரை எதில் சேர்ப்பது?"

சபையில் யாரோ சிரித்தார்கள்.

அரசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நாளை நண்பகல் நானே வருகிறேன். அந்தத் தெருவில் ஓர் அடுப்புக்கு மேல் எரிந்தால், இனி அங்கே யாருக்கும் மூட்டை கிடையாது!"

பக்கத்து வீட்டு எண்ணெய்க்காரி நாச்சியக்கா செய்தி கேட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடியும் படி அரிசிதானா தம்பி? எம் பிள்ளைங்க இப்பத்தான் ரெண்டு வேளை வயிறாரத் திங்குதுங்க."

"அக்கா, கடப்பாரை இருக்கா?"

பொழுது சாய்வதற்குள் தெருவின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பள்ளம் தோண்டிவிட்டார்கள். இருபுறமும் கல் அடுக்கினார்கள். கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு போல, தெரு நீளத்துக்கு ஒன்று.

மறுநாள் காலை நாச்சியக்கா முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்த்தாள். "மேக்கேருந்து அடிக்குது தம்பி. மேக்குக் கோடி ஒன் வாசல்தான், அங்கதான் அடுப்பு வாய். நீதான் மூட்டணும்."

சேந்தன் உள்ளே போய், வடிவு அடுக்கி வைத்திருந்த விறகில் ஒரு கட்டை எடுத்து வந்தான். தீ பற்றியது.

நண்பகலில் அரசர் வந்தார். வீட்டுக்கொரு பானையாகத் தெரு முழுக்கச் சோறு கொதித்தது.

"அடுப்புகளை எண்ணுங்கள், அதிராயரே," என்றான் சேந்தன்.

அதிராயர் கோடிவரை நடந்து திரும்பினார். இடையில் ஒரு தடுப்பும் இல்லை. "ஒன்று," என்றார் வேண்டாவெறுப்பாக. "ஆனால் பானைகள் பல, அரசே!"

"பானையை எண்ணுவதானால் அதிராயர் ஐயாவின் மாளிகையிலிருந்து தொடங்குவோமா?"

அரசர் வெடித்துச் சிரித்தார். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "பாவி, பல்வலியோடு சிரிக்க வைத்துவிட்டாயே!" குழைந்த சோறாகப் பார்த்துக் கேட்டு வாங்கி உண்டார். எந்தத் தெரு கூடி வந்தாலும் மூட்டை விலைதான் என்று அங்கேயே ஆணையிட்டார். சேந்தனுக்குத் தன் கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

"கூடி வாங்கும் யோசனை உன்னுடையதுதானே?"

"இல்லை, அரசே. என் மனைவியுடையது. அவள் கடைசியாகப் பேசியதே அதுதான்."

நாச்சியக்கா முன்னால் வந்தாள். "அவ சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடினதாத்தானே தம்பி சொன்னே?"

"எல்லாரும் கேட்டாங்கக்கா. அப்படிச் சொல்லிவெச்சேன்."

"அப்போ என்னதான் சொன்னா?"

சேந்தன் குனிந்து விறகை உள்ளே தள்ளினான். அவள் சொன்னபடியே சொன்னான்:

"அரிசி தீரப்போவுது. மூட்டையா எடுத்தா சல்லிசு. பக்கத்து வீட்டையும் கேட்டுக்குங்க."