வளைவா, வடிகாலா?

வாகை நகர் நலச்சங்கத் தலைவர் தணிகாசலத்துக்கு நகர் வாசலில் அலங்கார வளைவு கட்டியே தீர வேண்டும்.

"முதல்ல மழைநீர் வடிகால் போடுங்க சார். மழை வந்தா என் வீட்டு அடுப்பே மிதக்குது" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள், கடைசி வீட்டில் குடியிருக்கும் வேதவல்லி. தெருவில் கார்களைத் துடைப்பவள்.

தலைவர் எகிறினார். "நம்ம தெருவுல தண்ணியே நிக்காது! நிக்கும்னா, இந்தச் சித்திரை வெயில்லயே நிரூபிச்சுக் காட்டு!"

"எனக்கு எங்க சார் நிரூபிக்கத் தெரியும்? ஒரு சந்தேகம்தான். போன ஐப்பசியில, புயல்னு டிவியில சொன்னதுமே உங்க காரை ஏன் மேம்பாலத்து மேல கொண்டுபோய் நிறுத்தினீங்க? மழை விட்டதும் அங்கயே வந்து துடைக்கச் சொன்னீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வடிகாலுக்கே எல்லாரும் கை தூக்கினார்கள், கடைசியாகத் தலைவரும்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தலைவரின் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. வேதவல்லியின் அடுப்பில் சோறு கொதித்தது.