கரிசல் சிட்டுக்கு ஒரு பேனர்

இந்தக் கதையில் குரு சின்னவள், சீடன் பெரியவர். தென்காசிப் பக்கம் தையல் வகுப்பு நடத்துகிற ரஹ்மத் டீச்சருக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். அவளிடம் கற்க வந்த பேச்சிமுத்து லாரி ஓட்டுகிறவர். மீசையெல்லாம் நரைத்துவிட்டது. கூடப் படித்த பெண்கள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனுஷன் கண்டுகொள்ளவே இல்லை. அவர் என்ன, ஜாக்கெட் தைக்கவா வந்தார்? ஒரே ஒரு பேனர் தைக்கணும் அவருக்கு. தைத்துவிட்டால் போய்விடுவார்.

பேனர் கபடிக்கு. கரிசல் சிட்டு என்கிற பெண்கள் அணி மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. அதில் எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள் அவர் மகள் இசக்கி.

"கடையில குடுத்தா இன்னைக்கே பிளக்ஸ் அடிச்சுத் தந்துருவாங்களே அண்ணாச்சி?" என்றாள் டீச்சர்.

"பிளக்ஸ் கண்டவனும் அடிப்பான் டீச்சர். எம் பிள்ளைக்கு நான் எங் கையால தைக்கணும்."

"சரி, உக்காருங்க."

உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. காலை வைத்து அழுத்தியதும் மிஷின் தலைதெறிக்க ஓடியது.

"டீச்சர், டீச்சர்! இதுக்கு பிரேக் எங்க இருக்கு?"

"கையால சக்கரத்தைப் பிடிங்க!"

முதல் எழுத்தை வெட்டும்போது, மடித்துத் தைக்க ஓரம் விடாமல் கோட்டோடு கோடாக வெட்டித் தொலைத்தார். அந்தத் துணி வீண். இன்னொன்று வாங்கி வந்தார். விரலில் ஊசி ஏறியது. அன்றைக்கு லோடு இருந்தும் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து தைத்தார். அவ்வளவு பிடிவாதம்.

ஒரு வழியாகப் பேனர் முடிந்தது. நீலப் பாப்ளினில் மேலே அணியின் பெயர். கீழே, மஞ்சள் துணியில் ஒரு முழ உயரத்துக்கு 'வென்று வா'. ஆட்டத்துக்கு முந்தின நாள் வகுப்பில் விரித்துக் காட்டினார். சிரித்த பெண்களே கைதட்டினார்கள். அவருக்கு வாயெல்லாம் பல். அவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு டீச்சரிடம் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க."

"இதைப் பாத்தா எம் பிள்ளை எங்கூடப் பேசுவாளா?"

"பேசுறது இல்லையா?"

"ஒரு வருஷமாச்சு. விளையாட்டு ஹாஸ்டல்ல இருக்கா. பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வரல. அவ அம்மை பொங்கலை வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தா."

"என்ன சொன்னீங்க அவளை?"

பேச்சிமுத்து துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"போன வருஷமும் இதே பைனல். கிளம்பும்போது, 'போயிட்டு வாரேன்ப்பா'ன்னா. நான் கிறுக்குப் பய, 'ஜெயிச்சா வா, இல்லன்னா அப்படியே போயிரு'ன்னுட்டேன். வெளையாட்டுக்குச் சொன்னேன் டீச்சர். சத்தியமா வெளையாட்டுக்கு."

"தோத்துட்டாங்களா?"

"ஒரே ஒரு பாயிண்டு."

அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. அப்படியே போய்விட்டாள்.

டீச்சர் மேசையில் கிடந்த பிளேடை எடுத்தாள். பேனரைத் தன் பக்கம் இழுத்து, 'வெ' எழுத்தின் ஓரத்தில் ஒரு தையலை அறுத்தாள். அடுத்ததை அறுத்தாள்.

"அய்யய்யோ! என்ன டீச்சர் பண்ணுதிய? ராவும் பகலுமாத் தச்சது!"

"எனக்குக் கபடி தெரியாது அண்ணாச்சி. பாடிப் போற பிள்ளை என்ன செய்யணும்?"

"இப்பவா கேக்கிய இதை? மொதல்ல பிளேடைக் கீழ வையிங்க!"

"சொல்லுங்களேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும், கபடி என்று கேட்டுவிட்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது.

"மூச்சு விடாமப் பாடிக்கிட்டே எதிர்ப்பக்கம் போவணும். தொடணும். நடுக்கோட்டுக்குத் திரும்பிரணும்."

"நாலு பேரைத் தொட்டுட்டா. ஆனா திரும்ப முடியல, பிடிச்சுட்டாங்க."

"தொட்டது அம்புட்டும் வீணு. அவளும் அவுட்டு."

"ஒருத்தரையும் தொடல. சும்மா திரும்பி வந்துட்டா."

"பாயிண்டு கிடையாது. ஆனா அவுட்டும் கிடையாது."

டீச்சர் பிளேடை நிறுத்தாமலே கேட்டாள்: "வெறுங்கையோட வந்தவளை அணியில சேத்துக்கிடுவாங்களா?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? அவ அவங்க பிள்ளைல்லா! சேக்காம என்ன செய்..."

அவர் கண் பேனரில் போய் நின்றது. பாதி தொங்கிக்கொண்டிருந்த எழுத்தோடு சேர்த்து, 'வென்று வா' என்று வாய்க்குள் வாசித்தார். இத்தனை நாள் தைத்திருக்கிறார், வாசித்தது இப்போதுதான். முகம் கறுத்துப் போயிற்று.

"மறுபடியும் அதையே சொல்லித் தச்சிருக்கேன்," என்றார்.

டீச்சர் இன்னொரு பிளேடை அவர் பக்கம் தள்ளினாள்.

இரண்டு பேருமாகப் பிரித்தார்கள். ஓர் இடத்தில் அவர் பிளேடு பட்டுத் துணியில் கீறல் விழுந்துவிட்டது. கண்ணீர் மீசைக்கு வந்தது, தோளில் துடைத்துக்கொண்டார். டீச்சர் அதைப் பார்க்காதது மாதிரி நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

'வென்று' போய், ஓரத்தில் 'வா' மட்டும் நின்றது. அதையும் பிரித்து நடுவில் வைத்துத் தைத்தார். இப்போது மிஷின் அவர் சொன்ன இடத்தில் நின்றது.

தைத்து முடித்ததும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிரிச்ச எடத்துல ஊசி ஓட்டை தெரியுதே டீச்சர். தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டாப் போயிருமா?"

"கொஞ்சம் போகும்."

"மிச்சம்?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். பேனரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"இதை எப்பத் தூக்கிப் பிடிக்கணும் டீச்சர்? அவ பாடிப் போகும்போதா? இல்ல, ஜெயிச்ச பெறவா?"

"தோத்தாத் தூக்குங்க அண்ணாச்சி. ஜெயிச்சா அவளைக் கூப்பிட ஊரே நிக்கும்."