எல்லையைக் குடித்த வெள்ளாடு

மணல்திட்டு என்ற ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாதவரை க்ஷேமம். ஆற்றுக்கும் கரட்டுக் குன்றுக்கும் நடுவே நெருக்கியடித்து நானூறு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் விளக்கு அணையும். அத்தனை வாய்க்கும் வருஷம் முழுக்கச் சோறு போடுவது ஆற்றோரத்துக் கடலைக் காடு ஒன்றுதான்.

அக்கரை வேறொரு ராஜாவின் நாடு. "ஆறுதான் எல்லை. அதைத் தாண்டி ஒரு கடலையைத் தொட்டாலும் தலை போயிரும்" என்று அதிகாரி ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. வடிந்த பிறகு பார்த்தால், காட்டுக்கு அந்தப்பக்கம் ஓடிய ஆறு இந்தப்பக்கம் ஓடுகிறது. செடி ஒன்றுகூடச் சாயவில்லை. ஆனால் காடு முழுக்க அக்கரைக்குப் போய்விட்டது!

மணியக்காரர் சேந்தப்பன் ஓடிவந்து பார்த்தார். ஊரைக் கூட்டினார்.

"நாம விதைச்ச காடுங்க" என்றான் வெள்ளியன்.

"விதைச்சது நம்ம நாட்டுல. விளைஞ்சது அந்நிய நாட்டுல. தொட்டா தலை போயிரும். தலையில்லாம கடலையை எப்படிடா திங்கிறது?" என்றார் சேந்தப்பன்.

ஊரே தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அக்கரைப் பரிசல்காரர் காடையன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, உங்க உழைப்பு, உங்க கடலை. எங்க ஆளுக ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லையை ஊட்டுல வச்சுட்டு வந்து புடுங்கிட்டுப் போங்க!"

நல்ல மனுஷன். யாரிடம் பேசுகிறோம் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

"ஆத்தை ஊட்டுல வைக்கோணுமாம்" என்றார் சேந்தப்பன்.

"அத்தனை நீளம் குடத்துல புடிக்குமுங்களா?" என்றான் வெள்ளியன்.

"வளைச்சு வச்சா புடிக்கும்."

ஒரு குடம் மொண்டு, மணியக்காரர் வாசலில் வைத்து மூடினார்கள். இனி ஆற்றில் ஓடுவது வெறும் தண்ணீர்தானே? தைரியமாகக் கடந்துபோய், மூன்று நாள் கடலை பிடுங்கி, கொடியோடு அதே வாசலில் மலையாகக் குவித்தார்கள். அப்பாடா என்றிருந்தது ஊருக்கு.

நாலாம் நாள், மணியக்காரர் மனைவி பூவாத்தாள் குழம்புச் சட்டியை மூட அந்தக் குடத்து மூடியை எடுத்துப் போனாள். அந்த நேரம் பார்த்து அவள் வெள்ளாடு வந்து குடத்தைக் காலி பண்ணிவிட்டது.

"ஐயையோ, ஆடு எல்லையைக் குடிச்சிருச்சு!" என்று கத்தினாள் பூவாத்தாள்.

"அப்ப எல்லை இப்ப ஆட்டு வயித்துல" என்றான் வெள்ளியன். "எந்தப்பக்கமுங்க நம்ம நாடு?"

சேந்தப்பன் வெகுநேரம் ஆட்டைச் சுற்றி வந்து யோசித்தார். "வால் பக்கம் நம்முது. தலைப் பக்கம் அந்நியம்."

நானூறு வீட்டு ஜனமும் சட்டிபானையோடு வாலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஆடு திரும்பியது. ஊரும் எழுந்து ஓடி மறுபடி வால் பக்கம் உட்கார்ந்தது. இப்படி ஏழெட்டுத் தடவை. கடைசியில் ஆடு கடலைக் குவியலைப் பார்த்து நின்று, நிதானமாக மேய ஆரம்பித்தது. அதைப் பார்த்து ஊர் ஆடுகளெல்லாம் வந்து சேர்ந்துகொண்டன.

வெள்ளியன் கம்போடு எழுந்தான். சேந்தப்பன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா! அது அந்நிய நாட்டுக் கடலை. தலை போயிரும்!"

கடைசிக் கொடி தீரும்வரை ஊரே கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூவாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கரைச் சனம் பாவமுங்க. வருசத்து வெள்ளாமை பூராப் போச்சே! புள்ளகுட்டிகளை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

எல்லோருக்கும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு போய், அடுத்த வருஷத்துக்கென்று பானையில் வைத்திருந்த விதைக்கடலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். எல்லையைத் தாண்டாமல், ஆட்டின் முதுகுக்கு மேலாகத் தலைப் பக்கம் வீசினார்கள்.

ஆடுகள் தலையை நிமிர்த்தவே இல்லை.