எண்பத்தாறும் எண்பத்திரண்டும்

இருட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். தரைக்கடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பித்தளைக் குடத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல.

"என்ன சத்தம், டீச்சர்?"

"பேட்டரி, நாயகம் சார். இந்தக் கட்டடத்தோட மொத்தப் பாரமும் இப்ப அதுமேலதான்."

கடலோர ஊரின் குழந்தைகள் மருத்துவமனை அது. மத்தியானமே புயலில் மின்சாரம் போயிற்று. இருட்டும் நேரத்தில் ஜெனரேட்டருக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆளும் பொருளும் வந்து அதைச் சரிசெய்ய விடிந்துவிடும்.

கணினி அறையில் இருவர். ஜெசிந்தாவுக்கு முப்பது வயது, அறை அவள் பொறுப்பு. கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது. துணைமின் நிலையத்தில் ஓய்வு பெற்று, இங்கே மின்சாரம் பார்க்க வந்தவர். வந்த முதல் வாரமே, "இந்த மிஷின்களை எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் டீச்சர். முதலில் கிண்டலுக்கு. பிறகு இல்லை.

"பேட்டரி எம்புட்டு நேரம் தாங்கும்?"

"ஆறு மணி நேரம். நமக்குப் பத்து வேணும்."

நாயகம் தாளை நீட்டினார். "நான் ஒரு வழி வச்சிருக்கேன். ஏசியை அணைச்சாச்சு. அடுத்து, மெமரிக்குப் போற கரண்ட். அதுல எண்ணெல்லாம் துளித்துளிக் கரண்டாத்தானே நிக்குது. விநாடிக்குப் பதினஞ்சு தடவை அதைத் தொட்டுத் தொட்டு நிரப்புதே, அதை மூணு விநாடிக்கு ஒருக்கான்னு ஆக்கிருவோம். எல்லா மிஷின்லயும். முப்பது வருசம் ஊருக்குக் கரண்டைக் குறைச்சவன் நான். எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தா யாருக்கும் வலிக்காது."

ஜெசிந்தா தாளை வாங்கவில்லை. மேசையிலிருந்த, சோதனைக்கான சின்ன மின்பலகையை எடுத்தாள். அதன் மெமரி முழுவதும் ஒரே எண்ணை நிரப்பினாள். எண்பத்தாறு. ஆயிரம் ஆயிரமாக எண்பத்தாறு. மேலே வார்டிலுள்ள குழந்தைகளைக் கண்காணிக்கும் வார்டு மிஷினின் சூடான முதுகின்மேல் பலகையை வைத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆக்குங்க. மூணு விநாடிக்கு ஒரு தடவை."

அவர் ஆக்கினார். இருவரும் காத்திருந்தார்கள். ஏசி இல்லாத அறையில் நாயகத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"இப்ப படிங்க."

அவர் திரையை ஓட்டிக்கொண்டே போனார். "எண்பத்தாறு. எண்பத்தாறு. எல்லாம் சரியாத்தான் இருக்கு, பாத்தீங்களா?" விரல் நின்றது. "இங்க ஒண்ணு எண்பத்திரண்டுன்னு இருக்கு."

"ம்."

"ஒண்ணுதானே, டீச்சர்."

"மேல வார்டுல ஏழு குழந்தைங்க. ரெண்டாம் தொட்டில்ல இருக்கிற புள்ளைக்கு ஆக்ஸிஜன் எண்பத்தாறுக்குக் கீழ இறங்கினா மணி அடிக்கணும். அந்த எண் இருக்கிறது இந்த மிஷினோட மெமரில. நீங்க பார்த்த அந்த ஒண்ணு, எந்தத் தொட்டில்?"

நாயகம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அந்தத் துளி கரண்ட் எங்க போச்சு?"

"கசிஞ்சிருச்சு. எப்பவும் கசியும். சூட்டுல இன்னும் வேகமாக் கசியும். ஏசியை அணைச்சீங்களே, அதுக்கப்புறம் நாம இன்னும் அடிக்கடி தொடணும். நீங்க தொடுறதையே விட்டுட்டீங்க."

"அப்ப எதைத்தான் குறைக்க?"

அவள் வார்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான்கு மெமரித் தொகுதிகள். இரண்டில் ஒன்றுமே இல்லை.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு விளக்கு?" அந்த இரண்டையும் அணைத்தாள். மூன்றாவதில் பழைய பதிவுகள். "இதை யாரும் இப்ப கேக்கப்போறதில்ல. தூங்கட்டும். தூக்கத்துலயும் தன்னைத் தானே தொட்டுப் பாத்துக்கும். எதையும் மறக்காது." குழந்தைகளின் எண்கள் இருந்த நான்காவதைத் தொடவில்லை.

"எவ்வளவு மிச்சம்?"

"ஒண்ணரை மணி நேரம். பத்தாது."

அவள் எழுந்து மூலையிலிருந்த உயரமான மிஷினிடம் போனாள். கீழே வரவேற்பறையின் சுவரளவு திரையை ஓட்டுவது அது. சிரிக்கும் குழந்தைகள், பூக்கள், மருத்துவமனையின் பெயர். வார்டைவிட நான்கு மடங்கு மெமரி, அத்தனையும் விழித்திருந்தது.

ஜெசிந்தா பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மிஷின் அடங்கியது.

ஒரு நிமிடத்தில் போன் வந்தது. மேனேஜர் ராஜமன்னார். அவர் கத்தியது நாயகத்துக்கும் கேட்டது.

"ஏம்மா, திரை ஏன் அணைஞ்சிருக்கு? டிவிக்காரங்க வர்றாங்க. புயலுக்கு நடுவுல நம்ம ஆஸ்பத்திரி ஜெகஜோதியா நிக்குதுன்னு காட்டணும்னு சேர்மன் சொல்லியிருக்கார்."

"வார்டுக்குக் கரண்ட் பத்தாது, சார்."

"வார்டு மிஷின்ல குறைச்சுக்கோ. சும்மாதானே நிக்குது. சாயங்காலத்துலேர்ந்து ஒரு மணிகூட அடிக்கலையே."

"அடிக்கலைன்னா புள்ளைங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம், சார்."

"வியாக்கியானம் வேண்டாம். டிவிக்காரன் இருட்டைக் காட்டினா என்ன நினைப்பாங்க?"

"புயல் அடிக்குதுன்னு நினைப்பாங்க."

"நானே வர்றேன். செக்யூரிட்டியோட. நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான்காவது தொகுதியின் சூட்டைப் பார்த்து, தொடும் வேகத்தை இரட்டிப்பாக்கினாள்.

"அதுக்குக் கூடுதல் கரண்ட் ஆகுமே, டீச்சர்?"

"ஆகும். அதுக்குத்தான் திரையை அணைச்சேன். இப்ப விடியிற வரைக்கும் தாங்கும்."

"எனக்குப் பென்சன் இருக்கு. உங்களுக்கு?"

"ரெண்டு வயசுல ஒருத்தி இருக்கா."

"பயமா இல்லையா?"

"ரொம்ப."

படியில் காலடிகள். ஒன்றல்ல, மூன்று பேருடையவை. மேனேஜரின் அட்டையைக் காட்டினால் இந்தக் கதவு திறக்கும். நாயகத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. கதவின் மேல்பக்கம் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. மூன்று முறை பெயின்ட் அடித்ததில் சுவரோடு சுவராகிப் போனது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

கதவுக்கு வெளியே குரல். "ஜெசிந்தா! உள்ளே என்ன நடக்குது?"

நாயகம் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்ல, டீச்சர்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏழு பேர் தூங்குறாங்க, சத்தம் போடாதீங்கன்னு சொல்லுங்க."

நாயகம் செருப்பைக் கழற்றித் தாழ்ப்பாளில் அறைந்தார். பெயின்ட் உதிர்ந்தது. மறுபடி அறைந்தார். மூன்றாவது அடியில் இரும்பு நகர்ந்து, கடைசிவரை போய் உட்கார்ந்தது.