மேட்டில் கிடைத்த நத்தை ஓடு

ஆறுகள் தம் மனம்போல் வழி மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவனிடம் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். வீடு கட்ட நிலம் தேர்ந்து சொல்வது சேந்தனின் தொழில். கையில் முழக்கோல், மடியில் விதை முடிச்சு. அவன் கோலை ஊன்றிய இடத்தில் ஊர் எழும். கேட்டுக்கொள்ளுங்கள், முப்பது ஆண்டுகளில் ஊன்றிய கோலை அவன் ஒரு முறையும் பிடுங்கியதில்லை.

அந்த ஆண்டு வெள்ளம் ஓர் ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சிய அறுபது குடும்பங்கள் மரத்தடிகளில் கிடந்தன.

"அடுத்த மழைக்குள் இவர்களுக்குக் கூரை வேண்டும். இடம் பார்" என்றான் அரசன்.

சேந்தன் மூன்று இடங்கள் பார்த்தான். மூன்றிலும் ஒரு முழ ஆழம் குழி தோண்டி, தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டினான். பனங்காட்டில் மண் குழிக்குப் போதவில்லை. அது ஆகாத நிலம். செம்மண் மேட்டில் சரியாக இருந்தது, அது நடுத்தரம். ஏரிக்குத் தெற்கே கரிய மேட்டில் குழி நிரம்பியும் மண் மிஞ்சியது. அதுவே உத்தமம் என்பது தொழில் மரபு. அங்கே இன்னொரு குழியில் நீர் ஊற்றி, நூறடி நடந்து திரும்பினான், நீர் குறையவில்லை. விதை தூவினான், மூன்றாம் நாள் முளைத்தது. மூன்று சோதனையும் தேறிவிட்டது.

ஆனால் குழியின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தான். ஏரி நத்தையின் ஓடு.

மேட்டின் வயிற்றில் நத்தைக்கு என்ன வேலை? 'காக்கை போட்டிருக்கும்' என்று சொல்லிக்கொண்டான். காக்கை ஒரு முழ ஆழத்தில் போடாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டை மடியில் செருகிக்கொண்டு கோலை ஊன்றினான்.

அன்றுமுதல் அது அவன் மடியிலேயே இருந்தது. நடந்தால் ஓடு குத்தியது. படுத்தால் குத்தியது. "சேந்தன் தேர்ந்த இடமா? பிறகென்ன" என்று அரசன் சிரித்தபோது இன்னும் ஆழமாகக் குத்தியது. சொல்லிவிடலாம். ஆனால் ஊன்றிய கோலைப் பிடுங்குகிறவன் அதை எல்லார் முன்பும் முறித்துப் போட வேண்டும், பிறகு கோல் தொடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். ஓர் ஓட்டுக்காக முப்பது ஆண்டா?

பன்னிரண்டாம் நாள் வீடுகளுக்குக் கடைக்கால் கல் வைக்க ஏற்பாடாயிற்று. அன்று காலை, குயவர் வீட்டுக் கோதை மேட்டு மண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளை ஆற்றுக்குக் கொடுத்தவள். மிஞ்சிய பெண்ணை இடுப்பிலிருந்து இறக்காதவள்.

"கோல்காரரே, பானைக்கு இதைவிட மண் ஏது? எங்கள் ஊரில் ஏரியைத் தூர் வாரினால்தான் கிடைக்கும். இங்கே மலையாகக் கொட்டிக் கிடக்கிறதே."

சேந்தன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். எந்தத் தலைமுறையோ ஏரியில் வாரிக் கொட்டிய வண்டல் இது. மழை குடித்தால் வீங்கும், வெயிலில் வெடிக்கும்.

"சுவருக்கு இந்த மண் எப்படியம்மா?" என்றான் மெல்ல.

"நல்ல ஆளைக் கேட்டீர்கள். நான் கட்டினால் சுவரும் வட்டமாகத்தான் வரும்." சிரித்தவள் குரல் தாழ்ந்தது. "நீங்கள் ஊன்றிய இடம் அசையாது என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு இவளைக் கீழே இறக்கிவிட்டேன்."

அந்தச் சிறுமி கரிய மண்ணில் வெறுங்காலோடு நின்றாள்.

மேளம் வந்தது. அரசன் வந்தான். கல்லைக் கயிற்றில் தூக்கினார்கள்.

"பொறுங்கள். முதலில் ஆளுயரம் தோண்டச் சொல்லுங்கள், அரசே" என்றான் சேந்தன்.

"மூன்று சோதனையும் தேறியது என்றாயே?"

"விதைக்குத் தேறியது. சுவருக்குத் தேறவில்லை." மடியிலிருந்த ஓட்டை நீட்டினான்.

"எத்தனை நாளாக வைத்திருக்கிறாய்?"

"பன்னிரண்டு நாள்."

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் ஓடுகள். இடுப்பளவில் சேறு. தோளளவில் நீர். கோதை மகளைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சேந்தன் கோலை முழங்காலில் வைத்து முறித்தான். அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தடுக்கவில்லை.

செம்மண் மேட்டில் வீடுகள் எழுந்தன. ஆனால் கூரை முடிவதற்குள் மழை முந்திக்கொண்டது. போன பன்னிரண்டு நாளுக்காக அறுபது குடும்பங்களும் பன்னிரண்டு நாள் நனைந்தன. சேந்தன் ஓலை சுமந்தபடி அவர்களோடு நனைந்தான். அந்த மழையில் கரிய மேடு கரைந்து ஏரிக்குள் சரிந்தது. செம்மண் மேட்டில் ஒரு சுவரும் விரிசல் விடவில்லை.

மழை விட்டதும் கோதை வந்தாள். "சூளைக்கு இடம் பார்க்க வேண்டும், வாருங்கள்."

"என்னிடம் கோல் இல்லையே, அம்மா."

"கோல் போனால் போகட்டும். முழங்கை இருக்கிறதே."

சேந்தன் குழி தோண்டி, மண்டியிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டான். அடிமண்ணை விரல்களால் நெடுநேரம் துழாவினான்.

கண்ணில் பட்ட குறையைப் பட்ட அன்றே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் காத்த பெயர் ஒரு குடிசையையும் தாங்காது.