வெள்ளைக் கதவில் நாலு விரல்

“மரத்துல குத்தம் இல்ல சார். கையைக் கழுவிட்டுத் தொட்டா கறை எப்படி வரும்?”

சுயம்புலிங்கம் இதை வடிவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் கணவன் தாணுமூர்த்தியைப் பார்த்துச் சொன்னான். ஆனால் அடி விழுந்தது அவளுக்குத்தான்.

சுசீந்திரத்தில் தாணுவின் வீட்டு அடுக்களை. மூன்று பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். அடுக்களை முழுக்கப் புது அலமாரி. பதினாலு கதவு. எல்லாம் ஆஷ் என்கிற வெளிநாட்டு மரம், பால் மாதிரி வெள்ளை. மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுப்பை ஒட்டிய கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, நாலு விரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ரேகை எடுத்த மாதிரி. ஈரத்துணியால் துடைத்தாயிற்று, சோப்பு போட்டாயிற்று. நாரால் தேய்த்ததில் சுற்றியிருந்த பளபளப்புதான் போனது. மஞ்சள் போகவில்லை. மரத்தின் ரேகைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

தாணு மனைவியைப் பார்த்தான்.

“கேட்டியா?” என்றான்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

வடிவு இரண்டு கையையும் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

சுயம்பு அதைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பார்வதிபுரத்தில் கனகபாயின் மரப்பட்டறை இருந்தது. அங்கேதான் சுயம்பு வேலை கற்றுக்கொண்டிருந்தான். கனகபாய்க்கு முப்பத்தாறு வயது. சுயம்புவுக்கு நாற்பத்தேழு. அவள் குரு, இவன் சீடன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பட்டறையிலும் சிரித்தார்கள். இருபது வருஷம் மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைந்தவன் அவன். கம்ப்யூட்டரில் எதையும் வரைவான். உளியைப் பிடிக்கத் தெரியாது. ஊருக்குத் திரும்பிய கையோடு அவளிடம் வந்து, கற்றுக்கொடுங்கள் என்று நின்றான். அதற்கும் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை மேஸ்திரி என்பான். அந்த மரியாதையில் ஒரு நாளும் குறை வந்ததில்லை.

தாணு வீட்டு வேலைதான் அவன் தனியாகப் பார்த்த முதல் வேலை. மரம் எது என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று அவள் விட்டிருந்தாள்.

வடிவு முதல் நாளே சொன்னாள். கொஞ்சம் கருத்த நிறமாக இருந்தால் போதும், எங்கள் வீட்டில் அடுப்பு ஓயாது என்று. சுயம்பு தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, தான் வரைந்த படத்தைத் தாணுவிடம் காட்டினான். வெள்ளை அடுக்களை. ஜன்னல் வழியே வெயில். மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் மூன்று எலுமிச்சம்பழம். அந்தப் படத்தில் அடுப்பு எரியவில்லை. ஆளும் இல்லை. தாணுவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. வடிவை யாரும் மறுபடி கேட்கவில்லை. பாலிஷைக் கெட்டியாக ஏற்றினால் வெள்ளை மங்கிவிடும் என்று அதையும் சுயம்பு மெலிசாக ஒரே பூச்சோடு நிறுத்திக்கொண்டான்.

இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோய் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. ஞாபகம் இருந்துதான் சொன்னான்.

பட்டறைக்கு வந்ததும் நேராக மேஸ்திரியிடம் போனான். நியாயம் தன் பக்கம் இருக்கிறவனைப்போல் நடந்து போனான்.

“மேஸ்திரி, ஒரு சந்தேகம். அடுக்களை அலமாரி முகப்புக்கு எந்த மரம் நல்லது?”

கனகபாய் ஒரு பலகையை ஒற்றைக் கண்ணால் நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, தாணு வீட்டுக்குப் போயாச்சா என்று கேட்டாள். போயாச்சு என்றான். கறை விழுந்த கதையைச் சொன்னான். தான் சொன்ன பதிலையும் சொன்னான். அதற்குக் கொஞ்சம் மெருகு ஏற்றித்தான் சொன்னான். பக்குவமாக எடுத்துச் சொன்னேன், அவர்களும் புரிந்துகொண்டார்கள் என்றான்.

“அந்த அம்மா என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல.”

“கையை எங்க வச்சிருந்தாவ?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தான். வரவில்லை.

“முந்தானைக்குள்ள.”

அவள் பலகையைக் கீழே வைத்தாள். நாளை மத்தியானம் சமையல் உங்களுடையது, சாளை மீன் குழம்பு வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்தாள்.

பட்டறையில் ஆறு பேர். முறை வைத்துச் சமைப்பார்கள். மூன்று வருஷமாகத் தன் முறை வரும்போதெல்லாம் சுயம்பு ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவான். அதிகம் போனால் வெங்காயம் உரித்துக் கொடுப்பான்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பட்டறை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன அலமாரி தொங்கியது. இரண்டு கதவு. இடது கதவு ஆஷ். தாணு வீட்டில் மிஞ்சிய பலகை. அதே பாலிஷ், அதே ஒரு பூச்சு. வலது கதவு பலா. உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகு, புளி எல்லாவற்றையும் சிலது இடது பக்கம், சிலது வலது பக்கம் என்று பிரித்து அடைத்து வைத்திருந்தாள் கனகபாய்.

“கதவுல கறை படக்கூடாது அண்ணாச்சி,” என்றாள். “கையைக் கழுவிட்டுத் தொடுங்க.”

மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். குழாய் வெளியே, வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சுயம்புவுக்கு ரோஷம் வந்தது. செய்து காட்டுகிறேன் பார் என்று வேட்டியை மடித்துக் கட்டினான். மீனைச் செதில் எடுத்தான். வெளியே போய்க் கை கழுவினான். இடது கதவைத் திறந்து மஞ்சளை எடுத்தான். மீனில் பிசறினான். வெளியே போய்க் கழுவினான். வலது கதவைத் திறந்து புளியை எடுத்துக் கரைத்தான். கழுவினான். தேங்காயும் மஞ்சளும் மிளகாயும் அரைத்து வழித்தான். கழுவினான். ஐந்தாவது தடவைவரை ஒழுங்காகக் கழுவினான். நடுவில் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தான்.

பிறகு குழம்பு கொதித்து மேலே ஏறியது. அடுப்பைத் தணிக்கப் போனால் தேங்காய் அரைத்த பாத்திரம் சாய்ந்தது. அதைப் பிடித்தான். உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்தது. உப்பு இடது கதவுக்குள் இருந்தது. மீன் குழைந்துவிடும், பசியோடு ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கையைப் பற்றி யார் நினைப்பார்கள்? அவனும் நினைக்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரம் இழைக்கிற செல்லையன் ஒரு வாய் வைத்துவிட்டு, அண்ணாச்சி, இது குழம்பா வார்னிஷா என்று கேட்டான். இரண்டையும் கலந்து பார்த்தேன், உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடு என்றான் சுயம்பு. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் கண் அலமாரிப் பக்கம் போயிற்று.

வெள்ளைக் கதவில் நாலு விரல். கைப்பிடிக்குச் சற்று மேலே. மஞ்சளாக.

எப்போது தொட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. வேறு யாரோ தொட்டது என்று சொல்லவும் வழியில்லை. சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அந்தக் கோணல் அவன் கையில் மட்டும்தான் உண்டு.

எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்தான். பிறகு துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தான். சோப்பு போட்டான். நாரை எடுத்துத் தேய்த்தான். பளபளப்பு போயிற்று. மஞ்சள் அப்படியே இருந்தது. வடிவும் இப்படித்தான் நின்று தேய்த்திருப்பாள் என்று தோன்றியபோது கை தானாக நின்றது.

“போகாது,” என்றாள் கனகபாய். எப்போதிலிருந்து பின்னால் நின்றாளோ.

அவன் பலாக் கதவைப் பார்த்தான். அந்த அவசரத்தில் அதையும் அதே கையால்தான் திறந்திருந்தான். ஒன்றுமே தெரியவில்லை. பலா மரமே மஞ்சள்தான். நாள் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும்.

“இதுலயும் கறை இருக்கும் மேஸ்திரி. தெரியல, அவ்வளவுதான்.” அந்த நிலைமையிலும் அவனுக்கு வாதாடத் தோன்றியது.

“ஆமா, இருக்கும். ஆனா இது யாரையும் காட்டிக் கொடுக்காது.”

சுயம்பு நாரைக் கீழே போட்டான். அந்த வீட்டுக் கதவுகளை மாற்றிவிடலாமா என்று கேட்டான்.

மாற்றத்தான் வேண்டும் என்றாள். பதினாலும் பலாவில். அது பட்டறையின் வேலை, எல்லோரும் சேர்ந்து செய்வோம் என்றாள்.

“ஒண்ணு மட்டும் உங்க வேலை அண்ணாச்சி. வீட்டுக்காரர் முன்னால, அந்த அம்மா காதுல விழற மாதிரி சொல்லணும். மரத்தை எடுத்தது நான். தப்பு என்னுது. அந்தக் கையில ஒரு தப்பும் இல்ல. இவ்வளவுதான்.”

சுயம்பு தரையைப் பார்த்தான். கதவை மாற்றினாலே அவர்களுக்குப் புரிந்துவிடாதா என்று மெல்லக் கேட்டான். வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

“கதவை மாத்தினா நாலு விரலும் போயிரும்,” என்றாள் அவள். “நீங்க சொன்னது எப்படிப் போகும்?”

மூன்று வாரம் வேலை நடந்தது. சுயம்பு யாரையும் தொடவிடாமல் பாதிக் கதவுகளைத் தானே இழைத்தான். இதுவரை அவன் செய்ததிலேயே நல்ல வேலை அது. இழைக்கும்போதெல்லாம் அந்த மூன்று வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். குளிக்கும்போது சொன்னான். சுசீந்திரம் போகும் வழியில் வண்டியில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னான். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாணு வீட்டில் இருந்தான். அடுக்களைக்குள் போன சுயம்பு கதவைப் பார்த்து நின்றுவிட்டான். கறை விழுந்த கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நனையாமல் இருக்க லேமினேட் செய்த தாள். பெரிய எழுத்தில், ‘கை கழுவிய பிறகு தொடவும்’ என்று அச்சடித்திருந்தது. ஆபீஸில் அடித்துக்கொண்டு வந்தேன், நீங்கள் சொன்னதுதான் என்றான் தாணு.

வடிவு தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் எடுக்க வேண்டியிருந்தது. முழங்கையைக் கைப்பிடியில் கொக்கி மாதிரி மாட்டிக் கதவை இழுத்தாள். எடுத்த பிறகு முழங்கையாலேயே சாத்தினாள். அடுப்பிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் அவ்வளவு பழகியிருந்தது.

சுயம்பு திருப்புளியை எடுத்து வெள்ளைக் கதவுகளின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். முதலில் கதவுகளை மாட்டிவிடலாம், பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். பதினாலு கதவும் ஏறுவதற்கு மத்தியானம் ஆயிற்று. அடுக்களையே வேறு மாதிரி ஆகிவிட்டது. தாணு வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா மரத்துல குத்தம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? பிறகு எதுக்கு மாத்துறீங்க?”

இதைவிடத் தோதாக யாரும் கேட்டிருக்க முடியாது. வடிவு அடுப்பைத் தணித்தாள். கரண்டிச் சத்தமும் நின்றது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

முதல் வரி சுயம்புவின் நாக்கு வரைக்கும் வந்தது.

“புழங்குற கைக்குத் தோதான மரம் சார் இது,” என்றான்.

தாணு சிரித்தான். “அப்போ இவ கைக்குப் பயந்து மரத்தையே மாத்திட்டீங்க.”

சுயம்புவும் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம். சிரித்தான்.

அடுப்பை மறுபடி கூட்டி வைக்கிற சத்தம் கேட்டது.

கழற்றிய வெள்ளைக் கதவுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. தாணு குனிந்து அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தெடுத்தான். வீணாகப் போவானேன் என்று, அடுப்பை ஒட்டிய பலாக் கதவில், கைப்பிடிக்கு மேலே வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். நேராக இருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்தான். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

வடிவு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“என்னால உங்களுக்கு ரெட்டை வேலை அண்ணாச்சி,” என்றாள். “இனிமே பாத்துத் தொடுதேன்.”

தாணு வாசல்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். சொல்ல வேண்டியது மூன்றே வரி.

சுயம்பு டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றான். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.